ஊரெல்லாம் இளவரசர்கள்

அந்தக் குழுவில் நான் சேர்ந்தபோது அங்கே பாதிப் பேர் இளவரசர்கள். மீதிப் பேர், தாங்கள் இளவரசர்கள் என்பதை இன்னும் அறியாத அநாதைகள். பெண் பாத்திரங்களில் இளவரசி அல்லாதவள் ஒருத்திகூட இல்லை. வாள் சுழற்றாத இளவரசியும் இல்லை. அத்தனை பேருக்கும் சோறு யார் ஆக்கினார்கள், குதிரைகளுக்கு யார் புல் அள்ளிப் போட்டார்கள், அந்தப் பட்டுத் துணிகளையெல்லாம் யார் துவைத்தார்கள் என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கைபேசிச் செயலி ஒன்றில் இயங்கிய தமிழ்க் குழு அது. ரோல் பிளே என்பார்கள். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று சில வரிகள் எழுதிப் போட வேண்டும். அதைப் படித்துவிட்டு இன்னொருவர் தன் பாத்திரத்தின் சார்பில் பதில் எழுதுவார். இப்படி மாறி மாறி எழுதும்போது, எழுதுகிறவர்களுக்கே முன்கூட்டித் தெரியாத ஒரு கதை வளரும். வளர வேண்டும். எங்கள் குழுவில் வளர்ந்தது கதையல்ல, தலைமுடி. ஒவ்வோர் இளவரசனின் கூந்தலுக்கும் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது.

கதை ஓர் ஆற்றங்கரைக் கோட்டை நகரில் நடந்தது. எந்தக் காலம் என்று யாரும் சொல்லவில்லை. மன்னர் காலம்போலத்தான் இருந்தது, ஆனால் இளவரசர்கள் அவ்வப்போது ‘ஓகே’ என்றார்கள்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி, லெமினேட்டிங், தமிழ்த் தட்டச்சு. வட்டவளையில் வீடு. காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போவேன். நாள் முழுக்க அடுத்தவர்களின் விண்ணப்பங்களை அடிப்பதுதான் தொழில். ‘மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்கு’ என்று அடித்து அடித்து விரல் மரத்துப்போனவளுக்கு, வேறொருத்தியின் வாயால் பேசலாம் என்பது பெரிய ஆசையாக இருந்தது. முகநூலில் எங்கோ கிடந்த இணைப்பைத் தட்டி உள்ளே போனேன்.

நான் எடுத்த பாத்திரம் ஓர் ஓடக்காரி. வயது ஐம்பதுக்கு மேல். வலது முழங்கால் மடங்காது. யாரையும் நம்பமாட்டாள். இதில் ஒரு தந்திரம் இருந்தது. நகரத்துக்குள் வருகிற எவரும் ஆற்றைக் கடந்துதான் வர வேண்டும். எவ்வளவு பெரிய இளவரசனாக இருந்தாலும் என் ஓடத்தில் ஏறி உட்கார்ந்து என்னோடு பேசித்தான் ஆக வேண்டும். நான் வாழ்க்கையில் துடுப்பைத் தொட்டதில்லை. எனக்குத் தெரிந்த படகெல்லாம் நுவரெலியா ஏரியில் வெளியூர்க்காரர்கள் காலால் மிதித்து ஓட்டும் அன்னப் படகுகள்தான். அதனால் என்ன? அங்கிருந்த இளவரசர்களில் யார் அரண்மனையில் பிறந்தவர்?

முதலில் என் ஓடத்தில் ஏறியவர் பட்டத்து இளவரசர். குழுவை நடத்துகிறவரும் அவரேதான். கொழும்பில் ஏதோ விளம்பர வேலை என்று தன்னைப் பற்றி எழுதியிருந்தார். கதையில் அவருக்குத் தங்க நிறக் கண்கள், தீப்பிடிக்கும் வாள், ஒரே இரவில் கொல்லப்பட்ட பெற்றோர். கதைக்கு வெளியே எல்லாரையும் ‘தோழி’, ‘தோழர்’ என்று அழைப்பார்.

நான் இப்படி எழுதினேன்: ஓடத்தின் அடியில் ஒரு பலகை இற்றுப்போயிருக்கிறது. நடு ஆற்றில் தண்ணீர் உள்ளே வருகிறது. ஓடக்காரி ஒரு கொட்டாங்கச்சியை இளவரசரிடம் நீட்டி, “மொண்டு ஊத்துங்க சாமி, இல்லாட்டி முழுகிருவோம்” என்கிறாள்.

எவ்வளவு நல்ல இடம் பாருங்கள். தங்கக் கண்ணுள்ள ஒருவன் கொட்டாங்கச்சியைப் பிடித்திருக்கிறான். அவன் மொள்ளலாம். மொள்ள மாட்டேன் என்று சண்டை போடலாம். மொள்ளத் தெரியாமல் விழிக்கலாம். எதைச் செய்தாலும் அவன் யாரென்று நமக்குத் தெரிந்துவிடும்.

அவர் எழுதினார்: ‘இளவரசன் தன் பார்வையாலேயே ஆற்று நீரைக் கட்டளையிட்டு வெளியேற்றினான். அதைக் கண்ட ஓடக்காரி வியந்து, கண்ணீர் மல்க அவன் பாதங்களில் விழுந்தாள்.’

நான் எங்கே விழுந்தேன்? என் ஆளை எடுத்து, அவள் தலையைப் பிடித்து, தன் காலில் தானே விழவைத்துக்கொண்டார். இந்த விளையாட்டில் இதைவிடக் கேவலமான செயல் கிடையாது. அடுத்தவனின் பாத்திரத்தை நீ அடிக்க ஓங்கலாம், அடி விழுந்ததா என்பதை அடுத்தவன்தான் எழுத வேண்டும். நீ சிரிப்பு மூட்டலாம், சிரிக்க வேண்டியது அவன். அந்த ஓர் இடைவெளியில்தான் ஆட்டமே இருக்கிறது. அதை அடைத்துவிட்டால் நீ தனியாக ஒரு கதை எழுதிவிட்டுப் போகலாம், எங்களை எதற்குக் கூப்பிட்டு உட்காரவைக்கிறாய்?

நான் பதில் எழுதினேன்: ‘ஓடக்காரிக்கு முழங்கால் மடங்காது. அவள் விழவில்லை. தண்ணீரும் போகவில்லை. கொட்டாங்கச்சி இன்னும் நீட்டியபடியே இருக்கிறது.’

உடனே தனிச் செய்தி வந்தது. ‘தோழி, கதையின் ஓட்டத்தைக் கெடுக்காதீர்கள். புதியவர் என்பதால் மன்னிக்கிறேன்.’

மற்றவர்களும் இதற்குச் சளைத்தவர்கள் அல்ல. ஓர் இளவரசி எனக்கு நேரே நின்றுகொண்டு தன் சோகத்தை முப்பது வரிக்கு நினைத்துப் பார்ப்பாள். நினைத்து முடித்ததும் ‘பெருமூச்சு விட்டாள்’ என்று எழுதிவிட்டு நம் முறைக்கு விடுவாள். பெருமூச்சுக்கு நான் என்ன பதில் சொல்ல? இன்னொரு வீரன், அவனிடம் எதைச் சொன்னாலும் ‘மர்மமாகப் புன்னகைத்தான்’ என்பான். நாட்கணக்காகப் புன்னகைத்தான். உள்ளே மர்மமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. எழுதியவருக்கு அடுத்து என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

விட்டுவிட்டுப் போகலாம் என்றிருந்த சமயத்தில் திருடன் வந்தான்.

குழுவில் யாரும் அவனைக் கவனிக்கவில்லை. அவன் கண்ணின் நிறத்தைச் சொல்லவில்லை. ஒரு சாக்குமூட்டையோடு கரையில் வந்து நின்றான். மூட்டைக்குள் ஏதோ அசைந்தது. அவன் பேசியது இதுதான்: “மூட்டைல என்னன்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டா பொய் சொல்ல வேண்டியிருக்கும். உங்களப் பாத்தா பொய் சொல்ல மனசு வரலைங்க.”

கடையில் இரண்டு நகலுக்கு நடுவே அதைப் படித்தேன். அடுத்த தாளை வைக்க மறந்து நின்றேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரோ பேசுவதுபோலவே இருந்தது. இவன் நம்ம ஆள், தோட்டத்து ஆள், இல்லாவிட்டால் மதுரைப் பக்கத்து ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓடக்காரி ஒன்றும் கேட்கவில்லை. “ஓடம் ஆடுனா ரெண்டு பேரும் சாவோம். மடியில வச்சு அமுக்கிப் புடி” என்று மட்டும் சொன்னாள். மறுநாள் பதில் வந்தது. நடு ஆற்றில் மூட்டை ஒரே ஒரு தடவை ‘கொக்’ என்றது. திருடன் மேலே போகும் கொக்குக் கூட்டத்தைப் பார்த்து, “பாவம், தொண்ட கட்டிருக்கும் போல” என்றான். பஸ்ஸில் நின்றுகொண்டே சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்றார்.

அவனுடைய பதில் நாளுக்கு ஒன்றுதான் வரும். சில சமயம் இரண்டு மூன்று நாள் வராது. வந்தால் அதில் நான் எழுதிய எல்லாமே இருக்கும். போகிற போக்கில் ஓடக்காரி தலையில் ஒரு கிழிந்த துண்டு கட்டியிருப்பதாக எழுதியிருந்தேன். எனக்கே மறந்துவிட்டது. ஒரு வாரம் கழித்துத் திருடன் எங்கிருந்தோ ஒரு புதுத் துண்டு கொண்டுவந்து, “காத்துல பறந்து வந்துச்சு” என்று நீட்டினான். அடுத்தவர் எழுதியதைப் படித்தால் மட்டும் போதும், பாதி விளையாட்டு நன்றாகிவிடும். ஆனால் அந்தக் குழுவில் எவரும் எதையும் படிக்கவில்லை. தங்கள் முறை எப்போது வரும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் அவனிடம் இருந்தது. தோற்கத் தயங்கமாட்டான். இளவரசர்கள் ஒரு கொசுவிடம்கூடத் தோற்கமாட்டார்கள். அவன் வாராவாரம் அகப்பட்டான், சேற்றில் விழுந்தான், நாயிடம் கடி வாங்கினான். ஒருநாள் என் துடுப்பையே திருடிவிட்டான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டு வாசலில் உட்கார்ந்து கைபேசியில் என்ன பதில் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“யார்கூட அவ்வளவு நேரமா?”

“ஒரு திருடன்கூடம்மா.”

“அடி நாசமாப் போறவளே. என்னத்தத் திருடுனான்?”

“துடுப்ப. வித்துட்டான். நான் ஓடம் விடுறவ. கதையில.”

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். “அவன் எந்தக் கரையில நிக்கிறான்?”

“இந்தக் கரையிலதான்.”

“அவன் வீடு?”

“அந்தக் கரையில.”

“அப்ப துடுப்ப வித்துட்டு எப்புடி வீட்டுக்குப் போவான் கூறுகெட்டவன்?”

அதை அப்படியே எழுதினேன். ஓடக்காரி கரையில் சும்மா உட்கார்ந்திருந்தாள், இருட்டப் போகிறது என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாள் கழித்துத் திருடன் துடுப்பை வாங்கியவன் வீட்டிலிருந்து அதே துடுப்பை மறுபடி திருடிக்கொண்டு வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு அம்மா தினமும் விசாரிப்பார். ‘அந்தக் களவாணிப்பய என்ன ஆனான்?’ என் அம்மா அந்தக் கதையில் வைத்திருந்த அக்கறையில் கால்வாசிகூடக் கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு இல்லை.

மெல்ல மெல்ல ஆட்கள் ஆற்றங்கரைக்கு வரத் தொடங்கினார்கள். மர்மப் புன்னகை வீரன் ஒருநாள் வந்து, தன் செருப்பு அறுந்துவிட்டது என்றான். அது அவன் எழுதிய முதல் உருப்படியான வரி. பெருமூச்சு இளவரசி துணி துவைக்க வந்தாள், சோகத்தை ஓரமாக வைத்துவிட்டு, திருடன் காய வைத்திருந்த சட்டை தன் அண்ணனுடையது என்று சண்டை பிடித்தாள். எல்லாருக்கும் எழுத வந்தது. கதை நடந்தது.

கோட்டைக்குள் பட்டத்து இளவரசர் விருந்து வைத்தார். விருந்தைப் பற்றி மட்டும் நான்கு பதிவு போட்டார். யாரும் போகவில்லை. ‘விருந்தினர் அனைவரும் அவன் அழகைக் கண்டு மெய்மறந்தனர்’ என்று ஐந்தாவது பதிவையும் அவரே போட்டுக்கொண்டார்.

பிறகு சட்டம் வந்தது. யாருடைய பாத்திரமாவது ஒரு நாளுக்கு மேல் மௌனமாக இருந்தால், அதை நடத்தும் உரிமை குழுத் தலைவருக்கு உண்டு. ‘கதை உயிரோட்டமாக இருக்க இந்த ஏற்பாடு, தோழர்களே.’ யாரைக் குறிவைத்த சட்டம் என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

திருடன் மூன்று நாள் வராத ஒரு வாரத்தில், பட்டத்து இளவரசர் படையோடு ஆற்றங்கரைக்கு வந்தார். ஒரே பதிவு. திருடனைப் பிடித்தார். திருடன் அழுதான். காலைப் பிடித்துக் கெஞ்சினான். தன் பாவங்களையெல்லாம் தூய செந்தமிழில் ஒப்புக்கொண்டான். ‘தங்கள் நீதியின் ஒளியில் மடிவதே என் பேறு’ என்றான். கோழி திருடுகிறவன்! பிறகு தலை வெட்டப்பட்டது. ஓடக்காரி நன்றிப் பெருக்கோடு இளவரசரை வணங்கினாள்.

நான் அதைப் படித்தபோது கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் பிறப்புச் சான்றிதழோடு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, ஏதும் கெட்ட சேதியா?” என்றார்.

“ஒரு ஆளக் கொன்னுட்டாங்கய்யா.”

“அடப்பாவமே. எங்க?”

“ஆத்தங்கரையில.”

“பொலிஸுக்குச் சொன்னாங்களா?”

“பொலிஸுதான்யா கொன்னது” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறப்புச் சான்றிதழை நீட்டி இரண்டு கொப்பி கேட்டார், நியாயம்தான்.

குழுத் தலைவருக்கு எழுதினேன். அடுத்தவருடைய ஆளைக் கொல்லவும், கொல்வதற்கு முன் அவன் வாயால் உங்களைப் புகழவைக்கவும் உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். ‘தோழி, அவன் என் உலகத்தில் வாழ்ந்தவன்’ என்று பதில் வந்தது. ‘மேலும் அந்தப் பாத்திரத்தின் கொச்சை மொழி நம் கதையின் தரத்துக்குப் பொருந்தவில்லை. பலர் முறைப்பாடு செய்தார்கள்.’ அந்தப் பலரும் யாரென்று எனக்குத் தெரியும். கண்ணாடியில் தெரிகிற பலர்.

அன்று மாலை, திருடனாக எழுதியவரிடமிருந்து முதன்முறையாகத் தனிச் செய்தி வந்தது.

‘நான் செத்துப்போனனாம். இப்பதான் பாத்தன். அழுது வேற குளறினனாமே?’

இரண்டு தடவை படித்தேன். யாழ்ப்பாணத் தமிழ். நீங்கள் யாரென்று கேட்டேன். நம்ம ஆள் என்று நான் நினைத்திருந்த திருடன், யாழ்ப்பாணத்திலிருந்து டயகமப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு வந்திருக்கும் ஆசிரியை. தங்கியிருக்கும் விடுதியில் சிக்னல் கிடையாது. மேலே ரோட்டு வளைவு வரை நடந்து போனால்தான் செய்தி போகும், வரும். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. பகலில் யோசித்து வைத்ததை மாலையில் அங்கே நின்று அனுப்புவாராம். நான் ஹட்டன் என்றதும், ‘ஹட்டனே? சனிக்கிழமையில நான் அங்க வாறனான்’ என்றார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் சந்தித்தோம். என்னைவிடச் சில வயது மூத்தவர். மூக்குக் கண்ணாடி, மடிப்புக் கலையாத சேலை, கையில் குடை. இந்த அம்மாதான் கோழியைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஓடினாரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்புக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதைக் கேட்டுவிடுவது நல்லதென்று நினைத்தேன்.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. எங்க பேச்ச வச்சு நக்கல் பண்ணத்தான் அப்படி எழுதுனீங்களா?”

நான் சும்மா கேட்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பாடசாலைக்கு வந்து எனக்குப் படிப்பித்த சிலர், நாங்கள் வாயைத் திறந்தாலே உதட்டைச் சுழிப்பார்கள். ‘வந்தாங்க, போனாங்க’ என்று எங்களைப் போலவே பேசிக் காட்டி ஆசிரியர் அறையில் சிரிப்பார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

அவர் தேநீரைக் கீழே வைத்தார். “வந்த புதுசில நக்கல்தான். இல்லையெண்டு சொல்ல மாட்டன். பிள்ளையள் கதைக்கேக்க ஒவ்வொரு சொல்லாத் திருத்துவன். கொஞ்ச நாளில அதுகள் வாயே திறக்கிறேல்லை. என்ன கேட்டாலும் குனிஞ்சுகொண்டு நிக்குங்கள். ஒரு வகுப்பையே ஊமையாக்கிப் போட்டனே எண்டு ஒரு நாள் விளங்கிச்சுது.”

“பெறகு?”

“பிறகு நான் வாயைப் பொத்திக்கொண்டு கேக்கத் தொடங்கினன். பிள்ளையளின்ர அப்பாமார் வந்து கதைக்கிறதை, கடையில கதைக்கிறதை. அந்தக் கள்ளன் என்னை மாதிரி ஆள் இல்லை. எனக்குச் சொல்ல வராததை எல்லாம் அவன் சொல்லுறான். அதுதான் அவனை எனக்குப் பிடிக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “பிடிச்சது” என்று திருத்திக்கொண்டார். “செத்துப்போனான் தானே.”

அவர் சொன்னதை நான் நம்பினேன். கேலி செய்கிறவனுக்கு அந்தத் துண்டு ஞாபகம் இருந்திருக்காது.

சித்திரை வசந்த காலத்தில் நுவரெலியாவில் குழுவின் சந்திப்பு என்று பட்டத்து இளவரசர் முன்பே அறிவித்திருந்தார். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். டீச்சர்தான், “வாங்கோ, கொலைகாரனை ஒருக்காப் பாப்பம்” என்று இழுத்துக்கொண்டு போனார்.

ஏரிக்கரையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். பட்டத்து இளவரசர் கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் மப்ளருமாக வந்து இறங்கினார். கண்ணாடியைக் கழற்றியபோது பார்த்தேன், எங்கள் எல்லாருக்கும் இருப்பது போலக் கறுப்புக் கண்கள்தான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒதுங்கலாம் என்று யாரோ சொன்னார்கள். “மழை வராது. எனக்குத் தெரியும்” என்றார். வானமும் அவருடைய பாத்திரம் என்ற நினைப்பு. கால் மணி நேரத்தில் எல்லாரும் நனைந்துகொண்டு ஒரு கடைக்குள் ஓடினோம்.

ஆள் எழுதுகிற மாதிரியேதான் இருந்தார். யாரையும் ஒரு வாக்கியத்தை முடிக்க விடவில்லை. “எல்லாருக்கும் கோப்பி” என்று அவரே சொல்லிவிட்டார். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்து எல்லாரும் அந்தக் கழுநீரைக் குடித்தோம். என்னைப் பார்த்து, “நீங்க குளிர்ல நடுங்குறீங்க” என்றார்.

“நடுங்கலைங்க. நான் இந்தப் பக்கத்து ஆளு.”

“இல்ல, நடுங்குறீங்க” என்றார் அன்போடு. பிறகு எல்லாரையும் பார்த்து, “நம்ம ஓடக்காரி உண்மையிலேயே மலையகத்து மகள். அவங்க கண்ணுல இருக்கிற வலியப் பாருங்க” என்றார். என் கண்ணில் அப்போது இருந்தது அவர் மீதான எரிச்சல். அதைக்கூடப் படிக்கத் தெரியவில்லை அந்த மனுஷனுக்கு.

டீச்சரை அவர் யாரோ இளவரசி என்று நினைத்துக்கொண்டார் போலும். டீச்சர் பக்கம் திரும்பி, தான் திருடனைக் கொன்றது ஏன் என்று விளக்கத் தொடங்கினார். “அது யாரோ எஸ்டேட் பையன். படிப்பு இல்ல, பேச்சிலயே தெரியுது. அந்த லெவல் ஆட்கள உள்ள விட்டா குழுவோட தரம் போயிரும். நீங்க படிச்சவங்க, உங்களுக்கு விளங்கும்.”

நான் எழுந்துவிட்டேன். டீச்சர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு, எனக்குப் பழக்கமான திருடனின் குரலில், ஓர் எழுத்துப் பிசகாமல், “அந்தப் பையன் நான்தானுங்க. கழுத்த வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே” என்றார்.

மர்மப் புன்னகை வீரனாக எழுதிய இளைஞன் முதலில் சிரித்தான். பிறகு பெருமூச்சு இளவரசியும் சிரித்தாள். பட்டத்து இளவரசர் அவமானப்பட்டிருப்பார், மன்னிப்புக் கேட்பார் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? டீச்சரைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“நல்ல ஜோக் தோழி. நீங்க அப்படியெல்லாம் எழுத மாட்டீங்க.”

“நான்தான் எழுதினது” என்றார் டீச்சர், இப்போது தன் சொந்தத் தமிழில்.

“இல்ல, இல்ல” என்றார் அவர். “நீங்க அந்தப் பையனுக்காகப் பரிதாபப்படுறீங்க. உங்க நல்ல மனசு எனக்கு விளங்குது.”

அவ்வளவுதான். ஒரு பெண் தன் எதிரே உட்கார்ந்து, நான் இன்னார் என்று சொல்கிறாள். இல்லை, நீ இன்னார் என்று அவர் திருப்பி எழுதிவிட்டார். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்கு வரும் பஸ்ஸில், ராதெல்லைப் பக்கம் வந்தபோது டீச்சர் திடீரென்று, “அந்தாளைக் கட்டின மனுசி ஒருத்தி இருப்பாளே, பாவம்” என்றார். அதற்குப் பிறகு ஹட்டன் வரும்வரை அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டு வந்தோம்.

மறுநாள் குழுவில் படம் போட்டிருந்தார். ‘என்னை நேரில் கண்டதும் ஓடக்காரி கண்கலங்கினார்’ என்று கீழே எழுதியிருந்தது. நான் வெளியேறினேன். டீச்சரும் வெளியேறினார். ஆற்றங்கரையில் இருந்தவர்களில் சிலரும் போய்விட்டதாகக் கேள்வி. குழு மூடப்பட்டதா என்றால் அதுவும் இல்லை, நன்றாகவே நடக்கிறதாம். புதிதாக நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். பட்டத்து இளவரசர் இப்போது சக்கரவர்த்தி. தங்களைச் சொன்னபடி ஆட்டிவைக்க ஆள் தேடுகிறவர்களுக்கு உலகத்தில் பஞ்சமில்லை.

நானும் டீச்சரும் இரண்டு பேராகவே எழுதுகிறோம். பட்டிப்பொல போல உயரத்தில் இருக்கும் ஒரு சின்ன ரயில் நிலையம். மண்சரிவால் ரயில் நின்றுவிட்டது, பனிமூட்டம் வேறு. அவர் நிலைய அதிபராக எழுதுகிறார். மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்த, கோபக்கார நிலைய அதிபர். நான் கல்யாண வீட்டுச் சமையற்காரன். அண்டா குண்டாக்களோடு ரயிலில் மாட்டிக்கொண்டவன், பெரிய வாய்ச்சவடால்காரன். அரண்மனை கிடையாது, வாள் கிடையாது. யாருக்கும் தலைமுடியைப் பற்றிக் கவலை இல்லை. அம்மா இப்போது சமையற்காரனை விசாரிக்கிறார், அவனை அவருக்குப் பிடிக்கவில்லை. களவாணிப்பயலே பரவாயில்லை என்கிறார்.

போன வாரம் நிலைய அதிபர் ஓடி வந்து, மூன்றாவது பெட்டியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது, வெந்நீர் வைக்க முடியுமா என்று சமையற்காரனிடம் கேட்டார். பதிவு அதோடு முடிந்துவிட்டது. இவ்வளவு நாள் வாய் கிழியப் பேசியவன் இப்போது என்ன செய்வான்? அடுப்பு மூட்டுவானா, நழுவுவானா? நான் இன்னும் பதில் எழுதவில்லை. கடையில் தாளை வைத்து எடுக்கும்போதும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். டீச்சரும் அவசரப்படுத்தவில்லை.